கையளவு பிளாஸ்டிக் உடைந்தால் கார் கிடையில் கிடப்பதா?

வீரகேரளம்புதூர் பக்கத்தில் கிணற்றுப் பாசனம் செய்யும் விவசாயியைக் கேட்டுப் பாருங்கள். பம்புசெட்டுக்குள் சுழலும் இம்பெல்லர் தேய்ந்துவிட்டால் அவர் என்ன செய்வார்?

கம்பெனிக்குக் கடிதம் எழுதிவிட்டு உட்கார்ந்திருக்க மாட்டார். பம்பைக் கழற்றுவார். சாக்கில் சுற்றுவார். சுரண்டைக்கோ, தென்காசிக்கோ கொண்டு போவார். கடையில் புதிது கிடைத்தால் வாங்கிப் போடுவார். கிடைக்காவிட்டால் லேத் பட்டறையில் கடைந்து வாங்குவார். பயிர் வாடும்போது காத்திருக்க முடியுமா?

இந்தப் புத்தி பழைய மோட்டார் கார் வைத்திருப்பவர்களுக்கும் வரவேண்டும். "பார்ட்ஸ் கிடைக்கவில்லை" என்று சொல்லி, நல்ல என்ஜினோடு காரைத் தொழுவத்தில் நிறுத்திவிடுகிறார்கள். கோழி அதில் முட்டையிடுகிறது! பிறகு ஒருநாள் எடைக்குப் போட்டுவிடுகிறார்கள்.

பழைய கார் என்றால் மகாராஜாக்களின் ரோல்ஸ்ராய்ஸ் அல்ல. அவற்றுக்கு ஆள் இருக்கிறது, பணம் இருக்கிறது. இங்கே பேச்சு, நடுத்தரக் குடும்பத்துக் கார்களைப் பற்றி. பிரீமியர் பத்மினி தயாரிப்பு 2001இல் நின்றது. அம்பாசிடர் 2014இல் நின்றது. மாருதி 800 கூட அதே 2014இல் நின்றுவிட்டது. அப்பா வாங்கிய கார், தங்கையைப் பிரசவத்துக்கு அழைத்துப்போன கார், குற்றாலத்துச் சாரலில் குழந்தைகளை ஏற்றிப்போன கார் என்று, இவற்றைப் போற்றி வைத்திருக்கும் வீடுகள் இன்னும் உண்டு.

அம்பாசிடரின் என்ஜின் பெரும்பாலும் இரும்பு. ரேடியேட்டர் செம்பும் பித்தளையும். ஓட்டை விழுந்தால் ஈயப்பற்று வைத்து அடைத்துவிடலாம். ஆனால், பின்னால் வந்த கார்கள் அப்படி அல்ல. எடை குறைய வேண்டும், விலை குறைய வேண்டும், துரு ஏறக்கூடாது, சத்தம் கேட்கக்கூடாது என்று பல கம்பெனிகள் என்ஜினுக்குள்ளும் பிளாஸ்டிக்கைப் புகுத்தின. ரேடியேட்டரின் இருபுறத் தொட்டியும் பிளாஸ்டிக் ஆயிற்று. 1980, 1990களில் வந்த அந்தக் கார்கள்தான் இப்போது பழைய கார்கள் ஆகிக்கொண்டிருக்கின்றன. சிக்கலும் இனிமேல்தான் அதிகமாகும்.

கிணற்று பம்பின் தம்பி

காருக்குள்ளும் ஒரு தண்ணீர் பம்பு இருக்கிறது. கிணற்று பம்புக்கு அது தம்பி என்று சொல்லலாம். என்ஜினின் சூட்டைத் தணிக்க, தண்ணீரை ஓயாமல் சுற்றி வரச் செய்வது அதன் வேலை. அதிலும் ஓர் இம்பெல்லர் உண்டு.

அது பிளாஸ்டிக்காக இருந்தால் என்ன ஆகும்? புதிதில் ஒன்றும் ஆகாது. ஆனால், கொதிநிலையை நெருங்கும் சூட்டில் வெந்து, இரவில் ஆறி, மறுநாள் மீண்டும் வெந்து, வருடக் கணக்கில் இப்படியே போனால் பிளாஸ்டிக் அப்பளம்போல் நொறுங்கும் தன்மை அடைகிறது. ஒருநாள் நடுவில் விரிசல் விடுகிறது. பிறகு நடுத்தண்டு மட்டும் சுழலும். இம்பெல்லர் சுழலாது! வெளியிலிருந்து பார்த்தால் பெல்ட் ஓடுகிறது, பம்பு ஓடுகிறது. எல்லாம் சரியாகத்தான் தெரியும். உள்ளே தண்ணீர் நகராது. என்ஜின் கொதிக்கும். சிலிண்டர் ஹெட் கோணிக்கொள்ளும். கையளவு பிளாஸ்டிக்கினால் என்ஜினுக்கே கேடு!

1990களில் வந்த ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. கார்கள் சிலவற்றில் இந்தத் தொல்லை பேர்போனது. கார் சொந்தக்காரர்கள் உலோக இம்பெல்லர் உள்ள பம்புகளைத் தேடிப் போட்டார்கள். தெர்மோஸ்டாட்டின் பிளாஸ்டிக் கூட்டுக்குப் பதிலாக அலுமினியக் கூடும் விற்பனைக்கு வந்தது.

ஃபோர்டு காலத்திலேயே!

இது புதிய கதையும் அல்ல. 1928 முதல் 1931 வரை அமெரிக்காவில் ஃபோர்டு கம்பெனி 'மாடல் ஏ' என்ற காரை லட்சக் கணக்கில் செய்து தள்ளியது. வால்வுகள் எந்த நேரத்தில் திறக்க வேண்டும், மூட வேண்டும் என்பதை நடத்தி வைக்கும் பெரிய பல் சக்கரம் ஒன்று அதில் உண்டு. துணியையும் பிசினையும் சேர்த்து அழுத்திச் செய்த சக்கரம் அது. இரும்போடு இரும்பு உரசினால் இரைச்சல் எழும் என்பதற்காக அப்படிச் செய்தார்கள். வயதானபின் பற்கள் உதிர்ந்தன. கார் நடுரோட்டில் நின்றது. இன்று மாடல் ஏ வைத்திருப்பவர்கள் பலர் அலுமினியச் சக்கரம் போட்டு ஓட்டுகிறார்கள்.

1960களில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி இதே வேலைக்கு நைலான் பல் பதித்த சக்கரத்தைச் சில என்ஜின்களில் வைத்தது. இங்கே உபத்திரவம் இரட்டிப்பு. உதிர்ந்த நைலான் துண்டுகள் எண்ணெய்த் தொட்டியில் விழுந்தன. எண்ணெய் உறிஞ்சும் வடிகட்டியை அடைத்தன. சக்கரம் போனதோடு எண்ணெய் ஓட்டமும் கெட்டது! பழுது பார்ப்பவர்கள் முழு உலோகச் சக்கரத்துக்கே மாறினார்கள்.

எல்லாம் உலோகமா?

அப்படியானால் பிளாஸ்டிக்கை எங்கே கண்டாலும் பிடுங்கி எறிந்துவிட்டு உலோகத்தைப் போடலாமா? கூடாது! இங்கேதான் அரைகுறை மெக்கானிக்குகள் தவறு செய்கிறார்கள்.

வீட்டு மிக்சியைக் கவனியுங்கள். ஜாருக்கு அடியில் ஒரு கப்ளர் இருக்கிறது. கத்தி சிக்கிக்கொண்டால் அது தேய்ந்து, உடைந்து, மோட்டாரைக் காப்பாற்றுகிறது. சாவதற்கென்றே வைக்கப்பட்ட உறுப்பு அது. அந்த இடத்தில் இரும்பைப் போட்டால் அடுத்த முறை மோட்டார் புகையும். காரிலும் அத்தகைய இடங்கள் உண்டு.

பெட்ரோல் காரில் டிஸ்டிரிபியூட்டர் மூடி இருக்கிறது. அது பேக்கலைட் போன்ற பொருளால் செய்யப்படுவது. ஏன்? பல ஆயிரம் வோல்ட் மின்சாரம் அதற்குள் ஓடுகிறது. உலோகத்தில் மூடி செய்தால் தீப்பொறி போக வேண்டிய இடத்துக்குப் போகாது. கார் கிளம்பவே கிளம்பாது.

தண்ணீரும் முக்கியம். அலுமினிய உறுப்பைப் போட்டுவிட்டு, உப்புக் கிணற்றுத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால், அலுமினியம் அரித்துவிடும். கூலன்ட் கலந்த நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். சத்தமும் கொஞ்சம் கூடும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். நின்றுபோன காருக்குச் சத்தமே கிடையாதே!

ஆகவே, கேட்க வேண்டிய முதல் கேள்வி: "கம்பெனிக்காரன் இதை ஏன் பிளாஸ்டிக்கில் செய்தான்?" விலைக்காகவும் எடைக்காகவும் என்றால், தாராளமாக உலோகத்துக்கு மாறலாம். மின்சாரத்தைத் தடுக்கவோ, வேறு உறுப்பைக் காக்கவோ என்றால், தொடக்கூடாது.

உடைந்த துண்டு மாதிரி ஆகாது

இன்னொரு தவறும் நடக்கிறது. உடைந்த பிளாஸ்டிக்கைப் பசை போட்டு ஒட்டி, அதையே மணலில் பதித்து அலுமினியத்தை ஊற்றிவிடுகிறார்கள். உருகிய அலுமினியம் குளிரும்போது சுருங்கும். 100 மில்லிமீட்டர் சக்கரம் சுமார் 1.3 மில்லிமீட்டர் சிறுத்து வெளிவரும். என்ஜினுக்குள் அது மலையளவு வித்தியாசம்! கோயமுத்தூர் வார்ப்படப் பட்டறைகளில் மாதிரி செய்பவர்கள் இந்தச் சுருக்கத்தைக் கணக்கிட்டு, மாதிரியைக் கொஞ்சம் பெரிதாகவே செய்வார்கள். கடைசலுக்கும் மிச்சம் விடுவார்கள். பிறகு லேத்தில் கடைந்து அளவுக்குக் கொண்டு வருவார்கள்.

வெளிநாட்டில் இதற்குப் புதிய கருவிகள் வந்துவிட்டன. அமெரிக்க டெலிவிஷன் நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஜே லெனோவின் பட்டறையில் 1907ஆம் வருடத்து நீராவிக் கார் ஒன்றின் உறுப்பை ஒளியால் அளந்து, அச்சிடும் யந்திரத்தில் பிளாஸ்டிக் மாதிரி எடுத்து, அதை வைத்து உலோகத்தில் செய்தார்கள். இது 2009இல். பிளாஸ்டிக்கே உலோகத்துக்கு மாதிரி ஆயிற்று! 2018இல் ஜெர்மனியின் போர்ஷே கம்பெனி '959' என்ற தன் பழைய காருக்கு, கிளட்ச் நெம்புகோலை உருக்குப் பொடியிலிருந்து லேசர் கதிரால் உருக்கிச் செய்தது. அந்தக் காரில் செய்யப்பட்டவை மொத்தமே 292தான்.

292 காருக்காக ஒரு கம்பெனி இவ்வளவு மெனக்கெடுகிறது. சென்னையில் என்ன நடந்தது? ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1985இல் 'ஸ்டாண்டர்டு 2000' என்ற காரை வெளியிட்டது. இங்கிலாந்து ரோவர் காரின் உடல், பழைய வேன்கார்டு காரின் வழிவந்த என்ஜின். 1988இல் தயாரிப்பு நின்றது. கம்பெனியும் மூடப்பட்டது. மிஞ்சிக் கிடந்த உதிரிபாகங்களை 2006இல் இங்கிலாந்து வியாபாரிகள் வாங்கி, கப்பல் ஏற்றிக்கொண்டு போனார்கள். தமிழ்நாட்டில் செய்த காருக்குச் சாமான் வேண்டுமென்றால் சீமைக்கு எழுத வேண்டும்!

உதிரிபாகம் போனால் போகட்டும். அளவுகளாவது இங்கே இருக்க வேண்டாமா? 2022 டிசம்பரில் மத்திய அரசு, "பழுது பார்க்கும் உரிமை" என்ற ஏற்பாட்டைத் தொடங்கியது. மோட்டார் வாகனங்களும் அதில் சேர்த்தி. நல்ல காரியம். ஆனால், மூடிப்போன கம்பெனி யாருக்குப் பதில் சொல்லும்? ஒரு காரின் தயாரிப்பை நிறுத்தும் கம்பெனி, அதன் உறுப்புகளின் வரைபடங்களை அரசிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் போகவேண்டும் என்று விதி செய்தால் என்ன? ஒவ்வொரு ஐ.டி.ஐ. மாணவனும் வருடத்துக்கு ஒரே ஓர் உறுப்பை அளந்து படம் போட்டாலே, பெரிய பொக்கிஷம் சேர்ந்துவிடும்.

2021இல் வந்த விதி ஒன்றும் கவனிக்கத்தக்கது. 50 வருடம் கடந்த வாகனத்தை 'விண்டேஜ்' என்று பதிவு செய்யலாம். ஆனால், அது ஆதி வடிவத்தில் இருக்க வேண்டும், என்ஜினில் பெரிய மாறுதல் செய்திருக்கக்கூடாது என்கிறது விதி. உடைந்த பிளாஸ்டிக் சக்கரத்துக்குப் பதில் அதே அளவில் உலோகச் சக்கரம் போடுவது மாறுதல் அல்ல, பழுது பார்ப்பதுதான். அதிகாரிகள் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டால் நல்லது. கார் சொந்தக்காரர்களும் கழற்றிய பழைய துண்டைக் குப்பையில் எறியாமல், ஒரு பையில் போட்டு, தேதி எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

பட்டறைக்குப் போகும்போது உடைந்த துண்டை மட்டும் கொண்டு போனால் போதாது. அது உட்காரும் கூடு, அதைத் தாங்கும் தண்டு, பக்கத்தில் உரசும் சக்கரம் எல்லாவற்றையும் கொண்டு போகவேண்டும். கடைசல்காரர் அளவெடுக்க வேண்டியது அவற்றில்தான். செய்யச் சொல்லும்போது ஒன்றுக்கு இரண்டாகச் சொல்லலாம். மாதிரி செய்யும் செலவு ஒரு தடவைதான். இரண்டாவதை வாங்கிக்கொள்ள, அதே கார் வைத்திருக்கும் இன்னொருவர் அம்பாசமுத்திரத்திலோ, சங்கரன்கோவிலிலோ தேடிக்கொண்டுதான் இருப்பார்.