அதிகாரம் கொழும்பில், பொறுப்பு ஹேவாஹெட்டவில்

ஓர் அபிவிருத்தித் திட்டத்தின் தராதரம் அது மக்களின் வாசற்படியை வந்தடையும்போதுதான் தெரியும். தலைநகரில் தீட்டப்படும் திட்டத்துக்கும் மலைச்சரிவில் வாழும் தொழிலாளியின் வாசற்படிக்கும் இடையே பாலமாக இருக்க வேண்டியவை உள்ளூராட்சி மன்றங்களாம். அப்பாலத்துக்குத் தூண் நாட்ட மறுத்துவிட்டு, அது பாரம் தாங்கவில்லையே என்று குறை கூறுவது நமது மத்திய அரசாங்கங்களின் நீண்டகால வழக்கமாகிவிட்டது. ஆட்சிகள் மாறின, வழக்கம் மாறவில்லை. இதற்கு ஹேவாஹெட்டவே போதிய சாட்சியாகும்.

கண்டி இராச்சிய காலந்தொட்டுப் பெயர்பெற்ற ஹேவாஹெட்ட இன்று இரண்டு மாவட்டங்களில் பிரிந்து கிடக்கிறது. கீழ்ப்பகுதி பாத்தஹேவாஹெட்ட என்ற பெயரில் கண்டி மாவட்டத்தில் அடங்குகிறது. மேற்பகுதி ஹங்குரான்கெத்த பிரதேசமாக நுவரெலியா மாவட்டத்தில் இருக்கிறது. இம்மலைகளிலேதான், லூல்கந்துர தோட்டத்தில், 1867 ஆம் ஆண்டு ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். இலங்கைக்குப் பெருஞ் செல்வம் ஈட்டித்தந்த ஒரு கைத்தொழில் இங்கிருந்தே வளர்ந்தது. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகியும், லயங்களுக்குச் செல்லும் பாதையைச் செப்பனிடும் கடமை எவருடையது என்ற சாதாரண வினாவுக்கு இங்குள்ள தொழிலாளிக்குத் தெளிவான விடை கிடைத்தபாடில்லை.

இது தற்செயலாக நேர்ந்ததன்று. அந்நியர் ஆட்சிக் காலத்துக் கிராமச் சங்கங்களிலிருந்து தோட்டத் தொழிலாளர் ஒதுக்கப்பட்டனர். தோட்டம் துரையின் எல்லை. அங்கே கிராமத்துக்கு வேலையில்லை என்பதே அக்காலச் சித்தாந்தம். சுதந்திரம் வந்ததும் 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அம்மக்களை நாடற்றவராக்கியது. பிரஜாவுரிமைப் பிரச்சினை முற்றாகத் தீர 2003 ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் பழைய அநீதியைப் புதிய உருவில் தொடர்ந்தது. அதன் 33 ஆம் பிரிவு, தோட்ட மக்களின் நலனுக்குச் சபையின் பணத்தைச் செலவிடத் தடையாக நின்றது. இதிலுள்ள விந்தையை வாசகர்கள் கவனிக்க வேண்டும். அதே சட்டம் பயிர்செய்கை நிலங்கள்மீது ஏக்கர் வரி விதிக்கச் சபைக்கு அதிகாரம் அளித்தது. தோட்டத்திலிருந்து வரி பெறலாம். தோட்டத்தில் கிணறு வெட்டலாகாது! 1991 இல் பிரதேச சபைகளுக்கு முதன்முதலாகத் தேர்தல் நடந்தது. அன்றிலிருந்து தோட்ட மக்களின் வாக்கைப் பெற்றுச் சபையில் அமர்ந்த அங்கத்தவர்கள், தம்மைத் தெரிவுசெய்தவர்களின் லயத்துக்கு ஒரு பாதை போட முடியாமல் கைகட்டி நின்றனர். நீண்டகாலப் போராட்டத்தின் பின், 2018 இல் அப்பிரிவு திருத்தப்பட்டது. அதற்காக உழைத்தவர் எவராயினும் நாம் அவர்களைப் பாராட்டுகிறோம்.

ஆனால் சாமி வரம் கொடுத்தும் பூசாரி வரம் கொடாத கதையாகவே காரியம் நிற்கிறது. அபிவிருத்திக்கு நிலம், பணம், திட்டமிடும் உரிமை ஆகிய மூன்றும் தேவை. இவற்றுள் எதுவும் இன்றும் போதிய அளவில் பிரதேச சபையின் கையில் இல்லை.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். 1972 ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டமும் 1975 ஆம் ஆண்டின் திருத்தமும் தோட்டங்களை அரசாங்கத்தின் உடைமையாக்கின. 1992 இல் பெரும்பாலான தோட்டங்களின் நிருவாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பெனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. கண்டி, மாத்தளைப் பகுதிகளில் ஒரு தொகுதித் தோட்டங்கள் மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபை போன்ற அரச நிறுவனங்களிடமே தங்கின. இருவகையிலும் நிலத்தின் சொந்தக்காரர் மத்திய அரசாங்கமே. பிரதேச சபை தோட்டத்துக்குள் ஒரு மதகு கட்டுவதாயினும் நிருவாகத்தின் தயவை நாடவேண்டும். ஊரின் பெரும்பகுதி நிலத்தில் இப்படி அந்நியனாக நிற்கும் சபை எதைத் திட்டமிடுவது?

பணத்தின் கதை இதினும் மோசமானது. சபையின் சொந்த வருமானம் கடைத்தெருக்களின் வரியையும் சிறு கட்டணங்களையும் நம்பியிருக்கிறது. பெரிய வேலைகளுக்கான பணம் கொழும்பிலிருந்தே வரவேண்டும். 1974 இல் தொடங்கிய பன்முகப்படுத்தப்பட்ட வரவு செலவுத் திட்டம், ஊர் வேலைகளுக்கான பணத்தைப் பாராளுமன்ற அங்கத்தவரின் சிபாரிசுக்கு உரியதாக்கியது. உரிமையாகக் கிடைக்க வேண்டியது உபகாரமாக மாறியது. 2023 மார்ச்சில் நடக்கவிருந்த உள்ளூராட்சித் தேர்தலோ, திறைசேரி பணம் வழங்காத காரணத்தால் நின்றுபோயிற்று. இதனால் மக்களின் அடிப்படை உரிமை மீறப்பட்டதென உயர் நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. 2025 மே 6 ஆம் தேதி தேர்தல் நடக்கும்வரை, ஈராண்டுக்கு மேலாக நாட்டின் உள்ளூராட்சி மன்றங்கள் மக்கள் பிரதிநிதிகளின்றி அதிகாரிகளால் நடத்தப்பட்டன. மத்திய மாகாண சபையின் ஆயுளும் 2018 இல் முடிந்தது. அதன்பின் மாகாணத்தை நியமன ஆளுநரே ஆண்டுக்கணக்காக நடத்தலானார்.

திட்டமிடும் உரிமையோ எங்கெங்கோ சிதறிக் கிடக்கிறது. ஒரே பிரதேசத்தில் பிரதேச சபை என்றும் பிரதேச செயலகம் என்றும் இரண்டு காரியாலயங்கள் உள்ளன. ஒன்று மக்கள் தெரிவுசெய்தது. மற்றது 1992 ஆம் ஆண்டுச் சட்டத்தின்மூலம் அதிகாரம் பெற்று, மத்திய அரசாங்கத்தின் கரமாக இயங்குவது. இவற்றுக்கு மேலே பெருந்தோட்ட அமைச்சும், வீடமைப்புக்கு வேறு நிறுவனங்களும், 2018 இல் பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கென அமைக்கப்பட்ட அதிகாரசபையும் வந்து சேர்ந்தன. வீடு ஒருவர், பாதை ஒருவர், குடிநீர் ஒருவர் என்றால், அவற்றை ஓர் ஊராக இணைத்துப் பார்ப்பவர் யார்?

இக்கேள்வி ஏட்டளவில் நிற்பதன்று, உயிரோடு சம்பந்தப்பட்டது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களை எவ்வாறு சிதைத்தது என்பதை நாடு அறியும். எந்தச் சரிவு ஆபத்தானதென்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்லலாம். ஆனால் அங்கிருந்து மக்களை அப்புறப்படுத்த மாற்று நிலம் வேண்டும், நிலம் தோட்டத்திடம். புதுக் குடியிருப்புக்குப் பாதை வேண்டும், பாதை சபையிடம். பணமோ கொழும்பிடம். ஒருவர் மற்றவரைக் கைகாட்டிக்கொண்டிருக்க, மழை காத்திராது.

உள்ளூர் மன்றங்களில் திறமையில்லை, ஊழல் மலிந்துள்ளது, அவற்றிடம் எவ்வாறு பொறுப்பை ஒப்படைப்பது என்று கேட்பவர்கள் உளர். குறைகள் இல்லையென்று நாம் வாதாடவில்லை. ஆனால் கொழும்பில் ஊழலில்லை என்று துணிந்து கூறுவார் எவர்? தவறுசெய்யும் அங்கத்தவரை ஊரார் நேரே பிடித்துக் கேட்கலாம்; அமைச்சின் அதிகாரியை அவ்வாறு கேட்க முடியுமா? தோட்ட மக்கள் சிறுபான்மையராயுள்ள சபைகளில் அவர்கள் மீண்டும் புறக்கணிக்கப்படலாம் என்ற அச்சம் நியாயமானதே. கிராமச் சங்கங்களின் வரலாறு அதைத்தான் போதிக்கிறது. ஆகவேதான் மத்திய அரசாங்கம் ஒதுங்கிவிட வேண்டுமென்று நாம் கோரவில்லை. குறைந்தபட்ச நீதியைச் சட்டத்தால் காப்பது அதன் கடமை. ஊரின் மதகையும் குழாயையும் தீர்மானிப்பது அதன் வேலையன்று.

அயல்நாட்டைப் பார்ப்போம். இந்தியா 1992 இல் அரசியல் சட்டத்தின் 73 ஆம் திருத்தத்தினால் பஞ்சாயத்துகளுக்கு நிலையான இடமளித்து, நிதிப் பங்கீட்டை ஆராய மாநில நிதி ஆணையங்களையும் ஏற்படுத்தியது. கேரளம் 1996 இல் தன் திட்ட ஒதுக்கீட்டில் மூன்றிலொரு பங்குக்கு மேலானதை உள்ளூர் மன்றங்களுக்கு ஒதுக்கி, கிராம சபையிலிருந்தே திட்டத்தைத் தொடங்கியது. அங்கும் குறைகள் தோன்றின. எனினும் மக்கள் தம் தேவையைத் தாமே வரிசைப்படுத்தப் பழகினர்.

ஆகவே நாம் மூன்று காரியங்களை வற்புறுத்துகிறோம். தோட்டங்களிலுள்ள பொதுப் பாதைகளும், லயங்களும் குடியிருப்புகளும் அமைந்த நிலமும் அளக்கப்பட்டு, பாதை பிரதேச சபைக்கும் வீட்டு நிலம் அங்கு வாழும் குடும்பத்துக்கும் சட்டப்படி உரித்தாக்கப்பட வேண்டும். அபிவிருத்திப் பணத்தில் ஒரு பங்கு, அங்கத்தவர் சிபாரிசையோ திறைசேரியின் மனநிலையையோ எதிர்பாராது, சனத்தொகையையும் வறுமையையும் அளவுகோலாகக் கொண்டு நேரே சபைக்குச் செல்ல வேண்டும். தோட்டத்தில் வேலைசெய்யும் எந்த அரச நிறுவனமும் சபையின் திட்டத்துக்கு அமையவே செயற்பட வேண்டும்.

2025 இல் தெரிவான அங்கத்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. சட்டம் திறந்துவிட்ட வாசலில் நீங்கள் நுழைந்து பார்க்க வேண்டும். தோட்டப் பாதைக்கான தீர்மானத்தைச் சபையில் நிறைவேற்றுங்கள். வரவு செலவுத் திட்டத்தில் பணம் ஒதுக்குங்கள். நிருவாகம் மறித்தால் மறித்தவர் யாரென்று மக்கள் அறியச் செய்யுங்கள். லூல்கந்துரவில் தேயிலை வேரூன்றிய நாளிலிருந்து இந்நாட்டுக்கு உழைத்த மக்கள் கேட்பது சலுகையன்று. தம் வாக்கால் அமைந்த சபை தம் வாசல்வரை வரவேண்டும் என்பதே அவர்களது கோரிக்கை. அதை மறுக்கும் உரிமை எந்த அரசாங்கத்துக்கும் இல்லை.