ஐரோப்பிய வான்பரப்பு ஒருங்கிணைப்பு: கட்டுப்பாட்டாளர் கூட்டமைப்பின் நிலைப்பாடு

ஐரோப்பாவின் பல நாடுகளைச் சேர்ந்த வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் சங்கங்களின் கூட்டமைப்பு என்ற முறையில் எங்கள் செயற்குழு இந்த நிலைப்பாட்டை ஏற்றுக்கொண்டிருக்கிறது. நாடுகளின் வான்கட்டுப்பாட்டை ஒருங்கிணைக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் 'ஒற்றை ஐரோப்பிய வானம்' திட்டத்துக்கான புதிய விதிமுறை 2024 டிசம்பர் 1 முதல் அமலுக்கு வந்துவிட்டது. 2025 ஜூலையில் பிரான்ஸில் இரண்டு நாள் வேலைநிறுத்தம் நடந்த பிறகு, நாட்டுக்கு நாடு தனிக் கட்டுப்பாடு எதற்கு என்ற கேள்வியை விமான நிறுவனங்கள் மறுபடியும் உரக்க எழுப்புகின்றன. நாங்கள் இப்போது பேசாமல் இருந்தால் எங்கள் வேலையைப் பற்றிய முடிவுகள் எங்களைக் கேட்காமலேயே எடுக்கப்பட்டுவிடும். 

கொள்கை அளவில் ஒருங்கிணைப்பை நாங்கள் எதிர்க்கவில்லை. உறுப்புச் சங்கங்கள் அனைத்தும் இதே அழுத்தத்தோடு இதைச் சொல்லவில்லை என்பதையும் பதிவு செய்கிறோம். ஆனால் 'கட்டுப்பாட்டாளர்கள் தேசியக் கொடியைப் பிடித்துக்கொண்டு முன்னேற்றத்தை மறிக்கிறார்கள்' என்ற பேச்சை எல்லாச் சங்கங்களும் ஒரே குரலில் மறுக்கின்றன. 1972-ல் பணி தொடங்கிய மாஸ்ட்ரிக்ட் மையம், பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆகிய நாடுகளுக்கும் வடமேற்கு ஜெர்மனிக்கும் மேலே 24,500 அடிக்கு மேற்பட்ட வானத்தை ஒரே கூரையின் கீழிருந்து கவனிக்கிறது. பல நாட்டவர் அடுத்தடுத்த இருக்கைகளில் அமர்ந்து அங்கே வேலை பார்க்கிறார்கள். அந்த ஏற்பாட்டுக்கு நான்கு நாடுகளும் ஐரோப்பிய வான்போக்குவரத்து அமைப்பான யூரோகன்ட்ரோலும் 1986-ல் கையெழுத்திட்ட ஒப்பந்தம் அடித்தளமாக இருக்கிறது. இந்த அறிக்கையின் மீதிப் பகுதிக்கு மையம் அத்தகைய ஒப்பந்தம்தான்.

ஒருங்கிணைப்பு எங்கே நின்றது என்பதற்குப் பதிவுகள் இருக்கின்றன. யூரோகன்ட்ரோலை உருவாக்கிய 1960-ம் ஆண்டு உடன்படிக்கை மேல்வானம் முழுவதையும் அதன் கையில் தர எண்ணியது. பிரான்ஸும் பிரிட்டனும் தரவில்லை. மத்திய ஐரோப்பிய நாடுகள் வியன்னாவில் பொது மையம் அமைக்க 1997-ல் கையெழுத்திட்டன, மையம் வரவில்லை. 2012 டிசம்பருக்குள் நாடுகள் கூட்டு வான்பகுதிகளாக இணைய வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் விதித்தது. வரைபடத்தில் ஒன்பதாக இணைந்தன. ஐரோப்பியக் கணக்குத் தணிக்கை மன்றம் 2017-ல் ஆராய்ந்து, பண்பாடு மாறியிருக்கிறது, வானம் ஒன்றாகவில்லை என்று எழுதியது. ஒற்றை வானத் திட்டத்தின் விதிகளுக்கு 2013-ல் வந்த திருத்த முன்மொழிவு, ஜிப்ரால்டர் விமான நிலையம் குறித்து ஸ்பெயினுக்கும் பிரிட்டனுக்கும் இருந்த தகராறில் சிக்கி ஆண்டுக்கணக்கில் கிடந்தது. ஜெர்மனியில் கட்டுப்பாட்டு நிறுவனத்தைத் தனியார்மயமாக்கும் சட்டத்தில் கையெழுத்திட 2006-ல் குடியரசுத் தலைவர் ஹார்ஸ்ட் கோலர் மறுத்தார். வான்போக்குவரத்து நிர்வாகம் கூட்டரசின் பொறுப்பு என்ற அரசியல் சட்டப் பிரிவை அவர் சுட்டிக்காட்டினார். வெளிநாட்டு நிறுவனத்துக்கு அந்தப் பணியில் இடமளிக்க 2009-ல் அதே பிரிவைத் திருத்த வேண்டியிருந்தது. எங்கள் உறுப்பினர்களும் 2013-ல் வேலைநிறுத்தம் செய்தார்கள் என்பதை மறைக்கவில்லை. ஆனால் அறுபது ஆண்டுத் தாமதத்தை ஒருசில வேலைநிறுத்த நாட்களின் மேல் சுமத்துவதை எங்களால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

ஒவ்வொரு அரசுக்கும் தனித்தனிக் காரணம் இருக்கிறது. அவற்றை நாங்கள் இழிவாகப் பார்க்கவில்லை. தன் நிலத்துக்கு மேலுள்ள வான்பரப்பின் மீது ஒவ்வொரு நாட்டுக்கும் முழு இறையாண்மை உண்டு என்பது 1944-ம் ஆண்டு சிகாகோ உடன்படிக்கையின் முதல் பிரிவு. உக்ரைன் வானம் 2022 பிப்ரவரியில் மூடப்பட்ட நாளிலிருந்து போலந்தும் பால்டிக் நாடுகளும் தங்கள் ரேடார் திரையை வேறு கண்ணோடு பார்க்கின்றன. பயணிகள் விமானத்துக்கும் போர் விமானத்துக்கும் ஒரே வானம்தான் இருக்கும்போது, அதன் சாவியை அண்டை நாட்டிடம் கொடுக்கச் சொல்வது சின்ன விஷயமாகாது. சிறிய நாடுகளுக்கு மேலே பறந்து செல்லும் விமானங்கள் கட்டும் கட்டணம் கணிசமான வருவாய். பிரான்ஸில் கட்டுப்பாட்டாளர்கள் அரசு ஊழியர்கள். இத்தாலியில் அவர்களுடைய நிறுவனம் 2016 முதல் மிலான் பங்குச் சந்தையில் இருக்கிறது. இவ்வளவு வேறுபாடுகளையும் ஒரே அச்சில் வார்ப்பது தற்போதைய நிலையில் நடைமுறைக்கு ஏற்றதாகத் தோன்றவில்லை என்று செயற்குழுவின் பெரும்பான்மை கருதுகிறது. அச்சு ஒன்றாக இருந்தாலும் பலவாக இருந்தாலும், தவறு நேரும்போது யார் பதில் சொல்வது என்ற கேள்வியில் செயற்குழுவில் பெரும்பான்மை, சிறுபான்மை என்ற பிரிவு இல்லை.

2002 ஜூலை 1, இரவு. ஜெர்மனியின் உபர்லிங்கன் நகருக்கு மேலே, ஜெர்மன் வான்பரப்பில், ஸ்விட்சர்லாந்தின் ஸூரிக் மையத்தின் கட்டுப்பாட்டில், ரஷ்யப் பயணிகள் விமானமும் சரக்கு விமானமும் மோதின. 71 பேர் இறந்தார்கள்; அவர்களில் பெரும்பாலோர் பிள்ளைகள். அந்த நேரத்தில் ஸூரிக் அறையில் ஒரே ஒருவர் இரண்டு இருக்கைகளின் வேலையையும் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் ஓய்வுக்குப் போயிருந்தார். பராமரிப்பு வேலைக்காக முக்கியத் தொலைபேசி இணைப்பு துண்டிக்கப்பட்டிருந்தது. மாற்று இணைப்பு பழுது. மோதலை முன்கூட்டிக் கண்ணால் காட்டும் எச்சரிக்கையும் அன்றிரவு வேலை செய்யவில்லை. எல்லைக்கு ஜெர்மன் பக்கம் கார்ல்ஸ்ரூ மையத்தில் இருந்த கட்டுப்பாட்டாளர் ஆபத்தைத் திரையில் பார்த்துவிட்டார். ஸூரிக்கை மீண்டும் மீண்டும் அழைத்தார். இணைப்பு கிடைக்கவில்லை.

ஒருங்கிணைப்பை ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் இந்த விபத்தைத் தங்கள் பக்கம் இழுக்கிறார்கள். எங்களுக்கு இதில் முக்கியமானது அதற்குப் பிறகு நடந்தவை. ஸூரிக்கில் அன்றிரவு தனியாக இருந்த கட்டுப்பாட்டாளரை, 2004 பிப்ரவரியில் அவர் வீட்டு வாசலில், விபத்தில் மனைவியையும் இரு குழந்தைகளையும் இழந்த ஒருவர் குத்திக் கொன்றார். ஜெர்மன் புலனாய்வு அமைப்பின் இறுதி அறிக்கை மே மாதத்தில்தான் வந்தது. இரவில் ஒருவர் மட்டும் பணியில் இருக்கும் வழக்கத்தை நிர்வாகம் பல ஆண்டுகளாக அறிந்தும் பொறுத்துக்கொண்டிருந்தது என்று அது சொன்னது. அவர் அதைப் படிக்க உயிரோடு இல்லை. 2006-ல் கான்ஸ்டன்ஸ் நீதிமன்றம், தென் ஜெர்மன் வானத்தை ஸ்விஸ் நிறுவனத்திடம் ஒப்படைத்ததற்குச் செல்லத்தக்க ஒப்பந்தமே கிடையாது, ஆகவே ஜெர்மன் அரசே பொறுப்பு என்றது. 2007-ல் ஸ்விஸ் நீதிமன்றம் நிறுவனத்தின் நான்கு மேலாளர்களைக் குற்றவாளிகள் என்றது. மூவருக்கு நிறுத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனை, ஒருவருக்கு அபராதம்.

இரண்டு அரசுகள் பல ஆண்டுகள் இந்த வானத்தைக் கைமாற்றிக்கொண்டு வேலை பார்த்திருக்கின்றன. ஏதாவது நேர்ந்தால் யார் பொறுப்பு என்று எழுதி வைக்க இரண்டு தலைநகரங்களிலும் ஒருவருக்கும் நேரம் இல்லை. அந்த வெற்றிடத்தில் நின்றவர் ஹெட்செட் மாட்டியிருந்த ஒரு மனிதர். இதை நிதானமாக எழுத வேண்டும் என்று செயற்குழுவில் சிலர் கேட்டுக்கொண்டார்கள். எங்களால் இதைவிட நிதானமாக எழுத முடியவில்லை.

பொறுப்பு ஒரு கட்டுப்பாட்டாளர் தலையில் விழுந்தது அந்த ஒருமுறை மட்டுமல்ல. 1976-ல் ஸாக்ரெப் நகருக்கு மேலே இரண்டு விமானங்கள் மோதி 176 பேர் இறந்தபோது, ஆள் பற்றாக்குறையும் நெரிசலும் நிறைந்திருந்த அந்த மையத்தில் ஒரு கட்டுப்பாட்டாளர் மட்டும் சிறைக்குப் போனார். கட்டுப்பாட்டாளர்கள் மனுக்கொடுத்த பிறகே 1978-ல் வெளியே வந்தார். சம்பவங்களை மறைக்காமல் தெரிவிப்பவரைப் பாதுகாப்பதாக 2014-ம் ஆண்டின் 376-ம் எண் விதிமுறை சொல்கிறது. அதை வரவேற்கிறோம். ஆனால் அது எந்த நாட்டின் குற்றவியல் சட்டத்தையும் கட்டுப்படுத்தாது. ஒரு நாட்டில் உட்கார்ந்து இன்னொரு நாட்டின் வானத்தைப் பார்ப்பவர் எந்த நாட்டு அரசு வழக்கறிஞர் முன் நிற்க வேண்டியிருக்கும் என்பதை ஷிஃப்ட் தொடங்கும் முன்பே அவர் தெரிந்திருக்க வேண்டும்.

எனவே, வான்பரப்பின் எந்தப் பகுதியையும் எல்லை தாண்டி ஒப்படைக்கும்போது, சம்பந்தப்பட்ட அரசுகள் கையெழுத்திட்டு நாடாளுமன்றங்கள் ஏற்றுக்கொண்ட ஒப்பந்தம் அதற்கு அடியில் இருக்க வேண்டும். இழப்பீட்டை யார் தருவது, விசாரணையை யார் நடத்துவது, குற்றவியல் அதிகாரம் யாருக்கு, இரவுப் பணியில் குறைந்தது எத்தனை பேர் என்பவை அதில் வெளிப்படையாக எழுதப்பட வேண்டும். இரண்டு மையங்கள் தங்களுக்குள் செய்துகொள்ளும் செயல்பாட்டு உடன்பாடு இதற்கு ஈடாகாது. ஏற்கெனவே நடைமுறையில் உள்ள ஒப்படைப்புகள் ஒவ்வொன்றின் ஒப்பந்தத்தையும் அரசுகள் வெளியிட வேண்டும். புடாபெஸ்ட் மையம் 2014 முதல் கொசோவோவின் மேல்வானத்தைக் கவனித்து வருகிறது. சிக்கலான அரசியலுக்கு நடுவிலும் வழி காண முடியும் என்பதற்கு அது சான்று.

மற்றவை சுருக்கமாக. சிதறிய கட்டமைப்பால் ஆண்டுக்கு 500 கோடி யூரோ வீணாகிறது என்று ஐரோப்பிய ஆணையம் சொல்லிவந்த கணக்கை நாங்கள் மறுக்கவும் இல்லை, அப்படியே ஏற்கவும் இல்லை. வளைந்து பறப்பதால் எரியும் கூடுதல் எரிபொருள் குறித்த கவலையில் நாங்களும் பங்குகொள்கிறோம். எல்லாவற்றையும் ஒரே கணினி அமைப்பில் குவிப்பதில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும்: 2018 ஏப்ரல் 3-ல் யூரோகன்ட்ரோலின் போக்குவரத்து ஒழுங்கு அமைப்பு செயலிழந்ததும், 2023 ஆகஸ்ட் 28-ல் பிரிட்டனில் ஒரே ஒரு விமானத் திட்டத்தால் தானியங்கி அமைப்பு நின்றுபோனதும் உறுப்பினர்கள் நினைவில் இருக்கும்.

தாமதம் பற்றி மட்டும் இன்னும் சில சொற்கள். 2018-ல் நடுவானக் கட்டுப்பாட்டுத் தாமதம் சுமார் 1.9 கோடி நிமிடங்களை எட்டியது. கார்ல்ஸ்ரூவும் மார்செயும் முன்னணியில் இருந்தன. ஒரு கட்டுப்பாட்டாளரைத் தேர்ந்து பயிற்றுவித்துத் தனியாகத் திரை முன் உட்காரவைக்கச் சில ஆண்டுகள் ஆகும். அந்த உரிமமும் குறிப்பிட்ட வான்பகுதிக்கு மட்டுமே செல்லும். ஆண்டுக்கு ஆண்டு செலவைக் குறை என்று இலக்கு வைத்து ஆள் எடுப்பதைத் தள்ளிப்போட்டவர்கள், பிறகு ஆள் இல்லை என்று எங்களைக் கைகாட்டுகிறார்கள். இதைக் கேட்டுக் கேட்டு எங்கள் உறுப்பினர்கள் சலித்துப்போயிருக்கிறார்கள்.

வேலைநிறுத்த நாட்களில் மேலே பறந்து செல்லும் விமானங்களை மட்டும் அனுமதிக்கும் குறைந்தபட்சச் சேவை குறித்து உறுப்புச் சங்கங்களிடையே ஒத்த கருத்து இல்லை; சில நாடுகளில் அது ஏற்கெனவே சட்டம். அந்தந்த நாட்டின் தொழிற்சங்கங்களோடு பேசித் தீர்க்க வேண்டியது அது என்பதோடு இப்போதைக்கு நிறுத்துகிறோம். ஆனால் வேலைநிறுத்தம் நடக்கும் நாட்டின் வானத்தை அண்டை நாட்டு மையம் பார்த்துக்கொள்ளட்டும் என்ற யோசனையைத் திட்டவட்டமாக நிராகரிக்கிறோம். 1973 மார்ச் 5-ல் பிரெஞ்சுக் கட்டுப்பாட்டாளர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்தபோது ராணுவத்தினர் அந்த இருக்கைகளில் உட்கார்ந்தார்கள். நான்ட் நகருக்கு மேலே இரண்டு ஸ்பானிய விமானங்கள் மோதின. ஒன்றில் இருந்த 68 பேரும் இறந்தார்கள். பழகாத வானத்தில் பழகாதவரை உட்காரவைப்பதன் விலையை ஐரோப்பா ஒருமுறை கொடுத்துவிட்டது.

மேலே கேட்ட ஒப்பந்தங்கள் எழுத்தில் வரும்வரை, புதிய எல்லை தாண்டிய ஒப்படைப்பு எதற்கும் இந்தக் கூட்டமைப்பு ஒப்புதல் தராது. பேச்சுவார்த்தைக்கு ஆணையமும் உறுப்பு அரசுகளும் அழைத்தால் உடனே வருவோம். உறுப்புச் சங்கங்கள் தத்தம் நாட்டு அமைச்சகங்களிடம், இன்று நடைமுறையில் உள்ள ஒப்படைப்புகளின் பட்டியலையும் ஒப்பந்த நகல்களையும் எழுத்துமூலம் கேட்டு, வரும் பதில்களைச் செயற்குழுவுக்கு அனுப்ப வேண்டும். பதில் வராவிட்டால் அதையும் எழுதி அனுப்புங்கள். அந்த அமைச்சகங்களின் பெயர்களை வெளியிடுவோம்.