அடிலெய்டுக்கு வருவோரிடம் ஒரு வேண்டுகோள்

ஆஸ்திரேலியாவைச் சுற்றிப் பார்க்க வரும் நம்மவர்கள் பெரும்பாலும் சிட்னியில் இறங்கி, மெல்பர்னில் சில தினங்கள் தங்கி, விடுமுறை மிச்சமிருந்தால் வடக்கே பவளப்பாறைகளையும் கண்டுவிட்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள்; தெற்குக் கரையில், மலைத்தொடருக்கும் வளைகுடாவுக்கும் நடுவேயுள்ள சமவெளியில் அமைந்திருக்கும் அடிலெய்டு நகரம் அவர்களுடைய பிரயாணத் திட்டத்தில் அபூர்வமாகவே இடம்பெறுகிறது. அப்படி வருகிற சிலரும், பரோஸா பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டங்களுக்கோ கங்காரு தீவுக்கோ போகிற வழியில் ஓர் இரவு மட்டும் இங்கே கண்ணயர்ந்துவிட்டுப் புறப்பட்டுவிடுகிறார்கள். வெகு காலமாக இவ்வூரில் வசிப்பவன் என்ற உரிமையில் அவர்களிடம் நான் வேண்டிக்கொள்வது ஒன்றுதான்: நகரத்துக்கென்றே மூன்று நாட்களை ஒதுக்குங்கள், அந்த மூன்று நாட்களும் கூடியமட்டும் நடந்தே செல்லுங்கள்.

நடக்கச் சொல்வதற்குத் தக்க முகாந்திரம் உண்டு. 1836-ஆம் ஆண்டில், தண்டனை பெற்ற கைதிகளைக் கொண்டுவந்து இறக்காமல், சுதந்திரமாகக் குடியேறச் சம்மதித்தவர்களைக் கொண்டே ஒரு புதிய நாட்டை உண்டாக்குவது என்ற சங்கல்பத்துடன் தென் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல்கள் வந்து சேர்ந்தபோது, தலைநகருக்கு உரிய ஸ்தலத்தைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு கர்னல் வில்லியம் லைட்டிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. நம் முன்னோர் பலர் கப்பலேறிச் சென்று பிழைத்த பினாங்கில் ஆங்கிலேயரின் குடியேற்றத்தை ஸ்தாபித்த பிரான்சிஸ் லைட்டின் புதல்வர் அவர், கெடாவில் பிறந்தவர். நகரம் துறைமுகத்தின் அருகிலேயே எழவேண்டும் என்று கவர்னர் ஹிண்ட்மார்ஷ் வற்புறுத்தினார். நல்ல தண்ணீரும் மேட்டு நிலமும் உள்ள டாரன்ஸ் ஆற்றங்கரையே தகுந்தது என்று லைட் அசையாமல் நின்றார். 1837-இல் அவர் அளந்து வகுத்த திட்டத்தின்படி, ஆற்றுக்குத் தெற்கே பெரிய பகுதியும் வடக்கே சிறிய பகுதியுமாக நகரம் பிரிந்து, அகலமான நேர்வீதிகளும், தென்பகுதியின் நடுவே விக்டோரியா சதுக்கமும், அதைச் சூழ நான்கு சிறு சதுக்கங்களும் பெற்று, எல்லாவற்றையும் வளைத்துக்கொண்டு கிடக்கும் பொதுப் புல்வெளியால் நாற்புறமும் காக்கப்பட்டது. கோட்டை மதிலை எழுப்பிய நகர நிர்மாதாக்களைச் சரித்திரத்தில் நிறையப் பார்க்கிறோம். மதில் இருக்கவேண்டிய இடத்தில் மரங்களை நிறுத்திய இந்த மனிதரின் தீர்க்கதரிசனத்தை நினைக்குந்தோறும் எனக்கு அவரிடம் பக்தியே உண்டாகிறது. ரயில் நிலையம், சிறைச்சாலை, ஆஸ்பத்திரி என்று ஒவ்வொரு தலைமுறையும் அந்த வெளியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கை வைத்தும், இன்றும் நகரின் மத்தியிலிருந்து எந்தத் திசையில் நடந்தாலும் அரைமணி நேரத்துக்குள் பசுமையை அடைந்துவிடலாம்.

ஆகையால் முதல் நாள் காலையில் ஆற்றுக்கு வடக்கேயுள்ள மான்டிஃபியோர் குன்றுக்குப் போங்கள். அங்கே லைட்டின் சிலை, தாம் வகுத்த நகரை நோக்கிக் கை நீட்டியபடி நிற்கிறது. கீழே தெரிவது அடிலெய்டு ஓவல் மைதானம். 1911-ஆம் வருஷத்துப் பலகையில் இன்றும் ஓட்டக் கணக்கைக் கையால் மாற்றுகிறார்கள். 1934 முதல் தம் ஆயுளின் இறுதிவரை கிரிக்கெட் வீரர் பிராட்மன் வாழ்ந்தது இந்த ஊரில்தான். 2003-இல் ராகுல் திராவிட் முதல் இன்னிங்ஸில் 233 ஓட்டங்களும் இரண்டாவதில் ஆட்டமிழக்காமல் 72-உம் எடுத்து இந்தியாவுக்கு வெற்றி தேடித் தந்ததும் இந்த மைதானத்தில்தான்.

அங்கிருந்து ஆற்றைக் கடந்தால் வடக்கு மாட வீதி என்று சொல்லத்தக்க நார்த் டெரஸ். 1884-இல் திறக்கப்பட்ட பழைய புத்தகசாலை மண்டபம், சித்திரசாலை, மியூசியம் எல்லாம் அடுத்தடுத்து நிற்கின்றன. மூன்றிலும் பிரவேசக் கட்டணம் கிடையாது. நேரம் குறைவானால் மற்றவற்றை விட்டுவிட்டு மியூசியத்தில் ஆதிவாசிகளின் கலைப்பொருள்கள் உள்ள பகுதியை மட்டுமாவது நிதானமாகப் பாருங்கள். லைட் அளந்த சமவெளி ஆளில்லாத நிலமன்று. கௌர்ணா மக்களின் பூர்விக பூமி. குடியேறியவர்களின் வருகையால் அவர்கள் சிதறடிக்கப்பட்டார்கள். அவர்களுடைய பாஷையும் அன்றாடப் பேச்சிலிருந்து மறைந்துபோயிற்று. ஆயினும் டைக்கல்மன், ஷூர்மன் என்ற இரு ஜெர்மானியப் பாதிரிமார் 1840-இல் வெளியிட்ட இலக்கணமும் சொற்கோவையும் எஞ்சியிருந்தமையால், அந்த மக்களின் சந்ததியார் சென்ற நூற்றாண்டின் இறுதியில் தங்கள் மொழியை மீண்டும் கற்கவும் குழந்தைகளுக்குக் கற்பிக்கவும் தொடங்கினார்கள். பூங்காக்களிலும் சதுக்கங்களிலும் ஆங்கிலப் பெயருடன் கௌர்ணாப் பெயரும் எழுதியிருப்பதை நீங்கள் காணும்போது, அதன் பின்னே இருக்கும் இந்த உழைப்பை நினைத்துக்கொள்ளுங்கள்.

நகரத்தின் தென்மேற்கு மூலையில், லிட்டில் கில்பர்ட் தெருவில், பிரயாணிகள் எட்டிப் பார்க்காத ஒரு மசூதி இருக்கிறது. ரயிலும் மோட்டாரும் எட்டாத உள்நாட்டுப் பாலைவனத்தில் சரக்கும் தபாலும் கொண்டுசென்ற ஒட்டகக்காரர்கள், ஆப்கானிஸ்தானத்திலிருந்தும் அன்றைய இந்தியாவின் வடமேற்குப் பிரதேசங்களிலிருந்தும் வந்தவர்கள், 1880-களின் கடைசியில் தங்கள் தொழுகைக்காக எழுப்பியது அது. இத்தேசத்தை உருவாக்கியதில் ஆசியர்களுக்கும் பங்கு உண்டு என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சியை இந்நகரில் நான் கண்டதில்லை. அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால் 1869 முதல் நடந்துவரும் சென்ட்ரல் மார்க்கெட். வெள்ளிக்கிழமை மாலையில் போனால், ஊரே வாரச் சாமான் வாங்க அங்கே கூடியிருக்கும். நேரே கடற்கரைக்குக் கொண்டுபோய்விடும் டிராமில் ஏறி கிளெனெல்குக்கும் ஒரு மாலை போய்வரலாம். அஸ்தமனம் கடலின் மேல் நிகழ்வதைக் காண அது வசதியான இடம்.

பருவத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஜனவரியில் வராதீர்கள்; 2019 ஜனவரி 24-ஆம் தேதி இங்கே 46.6 டிகிரி வெயில் அடித்தது. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் 1960-இல் ஆரம்பித்த கலைவிழாக்கள் நகரத்தையே ஆட்கொள்ளும். கூத்திலும் சங்கீதத்திலும் பிரியமுள்ளவர்கள் தங்குமிடத்தை முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொண்டு அப்போது வரலாம். அமைதியை விரும்புகிறவர்களுக்கு ஏப்ரலும் மே மாதமுமே உத்தமம்.

வேறு மாநிலத்திலிருந்து புறப்படும்போது பையில் பழம் வைத்துக்கொள்ளாதீர்கள். பழ ஈ உள்ளே வந்துவிடாமலிருக்க இந்த மாநிலத்தார் எல்லைச் சாலைகளிலும் விமான நிலையத்திலும் தொட்டிகள் வைத்திருக்கிறார்கள். பழத்தை அதில் போட்டுவிட்டுத்தான் மேலே செல்லவேண்டும். இதை வீண் கெடுபிடி என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். ஆனால் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் ஐரோப்பாவின் திராட்சைக் கொடிகளை அழித்து, அண்டை மாநிலமான விக்டோரியாவிலும் புகுந்துவிட்ட வேர்ப்பூச்சி, இதே போன்ற விடாப்பிடியான காவலினால் தென் ஆஸ்திரேலியாவில் காலூன்றவில்லை. அதனால்தான் 1840-களில் நட்ட கொடிகள் பரோஸாவில் இன்னும் காய்க்கின்றன.