சிப்பியைப் பிளக்குமுன்

மன்னார்த் தீவுக்குத் தெற்கே, முசலிக் கரையில் இருக்கிறது கொண்டச்சி. முத்துக்குளிப்புக் காலத்தில் அதன் குடாவில் படகுகள் திரண்டதை, 1803இல் வெளியான தமது இலங்கை நூலில் ராபர்ட் பெர்சிவல் விவரித்திருக்கிறார். பிளக்காத சிப்பிகளை வாங்கி அதிர்ஷ்டம் பார்ப்பது அங்கே ஒருவகை லொத்தராகவே நடந்தது. முத்து வணிகர்களோ பித்தளைச் சல்லடைகளில் சலித்து, தரம் பிரித்த பின்னரே விலை பேசினர்.

இந்தப் பழங்கதையை எனக்கு நினைவூட்டுவது தேர்தல் இரவின் தொலைக்காட்சித் திரை. அதில் தோன்றும் பெயர்ப்பட்டைகளையும் முடிவு அட்டவணைகளையும் இன்று இணையப் பக்கங்களைப் போலவே ஆக்க முடிகிறது. அதற்கென உள்ள திறந்த மூல மென்பொருட்களுள் நோட்சிஜி ஒன்று. அதன் அடிப்படை மொழியான ஜாவாஸ்கிரிப்ட் பிளக்காத சிப்பி போன்றது. உள்ளே இருப்பது எண்ணா, எழுத்தா என்பது நிரல் ஓடும்போதுதான் வெளிப்படும். வன்னி மாவட்ட முடிவில் மன்னார், வவுனியா, முல்லைத்தீவுத் தொகுதிகளின் வாக்குகளுடன் தபால் வாக்குகளையும் கூட்டவேண்டும். தட்டச்சான 1200 எழுத்தாகவே நின்றுவிட்டால், 350ஐக் கூட்டும்போது 1550 வராது, 1200350 வரும். மொழி ஒரு எச்சரிக்கையும் தராது.

இதற்கு மாற்றாக மைக்ரோசொப்ட் 2012இல் வெளியிட்டது டைப்ஸ்கிரிப்ட். எந்த இடத்தில் எந்த வகைத் தரவு வரலாம் என்று முன்கூட்டியே எழுதிவைத்தால், நிரல் எழுதும்போதே பிழை பிடிபடும். 'தேர்தலுக்கு ஒரு கிழமைதான் இருக்கிறது, இதற்கு நேரமேது?' என்பார்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றவேண்டியதில்லை. பழைய கோப்புகளை அப்படியே அனுமதித்து, ஒவ்வொன்றாகச் சோதனைக்கு உட்படுத்தி, இறுதியில் கண்டிப்பு முறையை இயக்கலாம். அவசரத்தில் எல்லாவற்றுக்கும் 'எனி' என்று வகை கொடுத்துவிடுவது மட்டும் கூடாது. அது அடியில்லாத சல்லடை.

ஆயினும் நிரலை அல்ல, தரவின் வரைவையே முதலில் எழுதவேண்டும் என்பது என் கருத்து. டைப்ஸ்கிரிப்ட்டின் வகைக்குறிப்புகள் நிரல் ஓடும்போது மறைந்துவிடுகின்றன. வெளியிலிருந்து வரும் தரவை அவை தடுக்கமாட்டா. நோட்சிஜியில் பகிரப்படும் தரவுக்கு ஜேசன் வரைவு ஒன்றை எழுதினால், பொருந்தாத மதிப்பை அது ஓடும்போதே மறுத்துவிடும். அதே வரைவிலிருந்து டைப்ஸ்கிரிப்ட் வகைகளையும் உருவாக்கிக்கொள்ளலாம். ஒரே சல்லடை, இரு வாசல்களிலும் காவல்.

சல்லடை அளவைத்தான் பார்க்கும், ஒளியைப் பார்க்காது. 1550க்குப் பதிலாக 1505 என்று யாரேனும் அடித்தால் அதுவும் எண்தானே. அங்கே தேவைப்படுவது பழைய பத்திரிகை அலுவலகத்தின் ஒப்புநோக்கர்தான்.

1990இல் வடக்கிலிருந்து புலிகளால் வெளியேற்றப்பட்டவர்களில் முசலி முஸ்லிம்களும் அடங்குவர். மீண்டு வந்தவர்கள் இட்ட வாக்கு திரையில் பத்து விநாடி தவறாகத் தோன்றினாலும், வதந்திக்கு அதுவே போதும். அதை அதிர்ஷ்டத்தின் கையில் விடலாகாது.