ஞாயிறு மடல்: விடுமுறையும் அறிவித்தற் பலகையும்

சென்ற வாரம் கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தைப் பற்றி எழுதியதற்கு வந்த கடிதங்கள் இன்னும் என் மேசைமேற் கிடக்கின்றன. வெள்ளைக்கொழும்பானே சிறந்தது என்று சண்டைக்கு வந்த நேயருக்கும் மற்றையோருக்கும் பிறிதொரு ஞாயிற்றுக்கிழமை விடை எழுதுவேன். இந்த வாரம் பேராதனைக்குப் போய்வந்த கதை குறுக்கே வந்துவிட்டது.

என் மைத்துனரின் மகள் பேராதனைப் பல்கலைக்கழகத்திற் படித்துப் பட்டம் பெற்றவள். உத்தியோகத்துக்கு விண்ணப்பிப்பதற்குப் பரீட்சைப் பெறுபேறுகளின் அத்தாட்சிப் பிரதியொன்று அவளுக்கு அவசரமாக வேண்டியிருந்தது. அவளோ கொழும்பில் நேர்முகப் பரீட்சைக்குப் போக வேண்டியவள். எங்கள் கல்லூரிக்கு அப்பொழுது விடுமுறை. ஆசிரியனுக்கு விடுமுறை என்றால் உறவினருக்குச் சம்பளமில்லாத ஏவலாள் ஒருவன் கிடைத்தான் என்பதே பொருள். அவள் எழுதித் தந்த அதிகாரக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இரவு பஸ்ஸில் ஏறினேன். எங்கள் ஊரிற் கண்டி வீதி என்று பெயர் பெற்றிருக்கும் வீதி உண்மையாகவே கண்டி வரைக்கும் போகிறது என்பதை விடியற்காலையிற் கண்ணாரக் கண்டேன்.

கோடை என்ற சொல்லுக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு பொருளும் கண்டிச் சீமையில் வேறொரு பொருளும் உண்டு. நமக்குக் கோடை என்றால் சோளகக் காற்று, புழுதி, கிணற்றின் அடியிற் போய்ப் பதுங்கிக்கொண்ட தண்ணீர், இவற்றின் நடுவே இருபத்தைந்து நாளும் ஊரையே இழுத்துக்கொண்டு நடக்கும் நல்லூர்த் திருவிழா. கடல் மட்டத்துக்கு மேல் 1,500 அடி உயரத்திலுள்ள பேராதனையில் ஆவணி மாதத்திலும் குடையை மறந்து போகக் கூடாது. நான் மறந்து போனேன். அந்தானை மலையிலிருந்து இறங்கி வந்த தூறல், அதிகாரக் கடிதத்தின் ஓரத்தைச் சற்றே நனைத்துவிட்டது.

மாணவர் இல்லாத பல்கலைக்கழகம் திருவிழா முடிந்த மறுநாட் கோயில் வீதியைப் போன்றது. கலகா வீதியின் இரு மருங்கிலும் பெரிய மரங்கள் நின்ற நிலையில் நிற்கின்றன. மகாவலி தன்பாட்டில் ஓடுகிறது. விடுதிச்சாலைகளின் யன்னல்கள் சாத்தியிருக்கின்றன. குரங்குகள் மாத்திரம் தங்களுக்குத் தவணை விடுமுறை கிடையாது என்பதுபோலக் கூரைக்குக் கூரை தாவிக்கொண்டிருந்தன. திறந்த வெளியரங்கின் படியொன்றிற் சற்று நேரம் இருந்தேன். 1961ஆம் ஆண்டிற் பேராசிரியர் சரச்சந்திராவின் சிங்கபாகு நாடகம் மேடையேறிய இடம் அது. ஆயிரக்கணக்கானோர் இருந்து பார்க்கும் அந்தப் படிகளில் அன்று என்னைத் தவிர ஒரு நாயே படுத்திருந்தது.

இந்த இடம் பல்கலைக்கழகமாக அமைந்த வரலாற்றை நம் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும். இந்நாட்டுக்கென ஒரு சர்வகலாசாலை வேண்டுமென்று 1906ஆம் ஆண்டிலேயே சங்கம் அமைத்துக் கிளர்ச்சி செய்தவர்களுள் முன்னின்றவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம். 1921இற் கொழும்பிலே பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றியது. ஆயினும் அங்கே படித்தவர்கள் இலண்டன் பட்டத்துக்கே பரீட்சை எழுதினார்கள். பின்னர் எந்த ஊரில் எந்த நிலத்திற் சர்வகலாசாலையைக் கட்டுவது என்ற வாக்குவாதத்திலேயே ஆண்டுகள் பல கழிந்தன. கலியாணம் நிச்சயமாவதற்கு முன் பந்தல் எங்கே போடுவது என்று சண்டை பிடிப்பது நமக்குப் புதிதல்லவே. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் சட்டப்படி உருவாயிற்று. அதன் முதல் உபவேந்தர் சேர் ஐவர் ஜெனிங்ஸ். ஆற்றையும் மலையையும் குலைக்காமல் கட்டடங்களை அமைக்கும் திட்டத்தைப் பற்றிக் அபர்குரொம்பி என்ற ஆங்கிலேய நகரமைப்பு நிபுணர் வகுத்தார். 1952ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் கலைப்பீடம் கொழும்பிலிருந்து பேராதனைக்கு இடம்பெயர்ந்தது. 1954ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்திலே எலிசபெத் இராணியார் முன்னிலையில் எடின்பரோக் கோமகன் அதை முறைப்படி திறந்துவைத்தார். ஏற்கனவே ஒன்றரை வருடமாகத் திறந்து நடந்துகொண்டிருந்த இடமாதலால், அதை வழக்கத்திலும் அதிகமாகத் திறந்துவைப்பதாக அவர் வேடிக்கையாகச் சொன்னார் என்பார்கள்.

அன்று நான் போய்ச் சேர்ந்தபொழுது அது வழக்கத்திலும் அதிகமாக மூடியிருந்தது.

ஜெனிங்ஸின் எண்ணம் மாணவர் யாவரும் ஒரே வளாகத்திலே தங்கிப் படிக்க வேண்டும் என்பது. விரிவுரை மண்டபத்திற் பாதிக் கல்வி, விடுதிச்சாலையின் சாப்பாட்டு மேசையில் மறுபாதி என்று அவர் கருதினார். அதனாலேதான் அருணாசலம் விடுதி, இராமநாதன் விடுதி, ஜயதிலக்க விடுதி, சங்கமித்தை விடுதி என்று இந்நாட்டு வரலாற்றுப் பெயர்களெல்லாம் அங்கே கட்டடங்களாக எழுந்து நிற்கின்றன. யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் பெட்டி படுக்கையுடன் போன பிள்ளைகள் பொல்காவலையிற் புகையிரதம் மாறி அங்கே போய்ச் சேர்ந்தார்கள். கைலாசபதியும் சிவத்தம்பியும் 1950களில் அங்கே படித்தவர்கள். பேராசிரியர் வித்தியானந்தன் 1962இற் கர்ணன் போரையும் 1964இல் இராவணேசனையும் மாணவரைக்கொண்டு ஆடச்செய்து, நாட்டுக்கூத்தைப் படித்தவர் மேடைக்குக் கொண்டுவந்ததும் அங்கேயே. தமிழ்ச் சங்கத்தின் இளங்கதிர் மலரின் பழைய இதழ்கள் எவர் வீட்டிலாவது இருந்தால் அவற்றைப் பழைய தாள் வாங்குபவருக்கு எடைக்குப் போட்டுவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இது இந்த வாரத்து முதலாவது அறிவித்தல்.

விடுமுறையிலே பல்கலைக்கழகம் உறங்குகிறது என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறோம். இது பெருந்தவறு. மாணவர் போன பின்னர்தான் விடைத்தாள் திருத்துவோர் உட்காருகிறார்கள்; விடுதிகளிலே தண்ணீர்க் குழாய்களைக் கழற்றிப் பூட்டுகிறார்கள்; புதிய ஆண்டுக்கான பதிவுகளும் விடுதி ஒதுக்கீடுகளும் புலமைப்பரிசிற் பெயர்ப்பட்டியல்களும் ஆயத்தமாகின்றன. ஒரு மாணவனுடைய அடுத்த ஆண்டு எப்படிக் கழியப்போகிறது என்பது பெரும்பாலும் அவன் அங்கே இல்லாத நாட்களிலேயே தீர்மானமாகிறது. போதாக்குறைக்கு, இப்பொழுது பீடத்துக்குப் பீடம் விடுமுறை வேறுபடுகிறது. 2020இல் நோய்த்தொற்றினாலும் 2022இல் எரிபொருள் இன்மையாலும் குழம்பிய நாட்காட்டி நெடுங்காலம் நேர்ப்படவில்லை. வீட்டிலே ஒரு மகன் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்க, அதே பல்கலைக்கழகத்தில் வேறொரு பீடத்திலே படிக்கும் அடுத்த மகன் சாய்மனைக் கதிரையிற் படுத்திருக்கும் காட்சியை நான் கண்டிருக்கிறேன்.

பிரதி கிடைக்கப் பகல் இரண்டு மணியாகும் என்று அலுவலகத்தில் இருந்த அம்மையார் பணிவாகச் சொன்னார். காத்திருந்த நேரத்தில் அறிவித்தற் பலகையை வாசித்தேன். மழைக்காற்றில் ஊறிச் சுருண்ட தாள்கள். மீட்டற் பரீட்சைக்கு விண்ணப்பிக்கும் இறுதித் திகதி ஒன்று. நூலகப் புத்தகங்களைத் திருப்பித் தராதோர் பெயர்கள். யாரோ தவறவிட்ட மூக்குக்கண்ணாடி பதிவாளர் கந்தோரில் இருக்கிறதாம். யன்னல்களைப் பூட்டாமற் போன அறைகளிற் குரங்கு புகுந்தால் நிருவாகம் பொறுப்பல்ல என்பது மற்றொன்று. மூன்று மொழியிலும் இருந்தவற்றை மூன்று மொழியிலும் வாசித்தேன். என் சிங்களம் அதிகம் ஓடாது, எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். ஒரு காவலாளி அருகே வந்து, "யாரைத் தேடுகிறீர்கள்?" என்று கேட்டார். நாற்பது கடந்த மனிதன் ஒருவன் மாணவர் அறிவித்தல்களை அரைமணி நேரம் வாசித்தால் ஐயம் வரத்தானே செய்யும்.

எனக்கு அந்தப் பழக்கம் வந்ததற்குக் காரணம் ஒன்று உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பிற் படித்த மாணவன் ஒருவன் தென்பகுதியிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானான். எந்தப் பல்கலைக்கழகம் என்பது இங்கே வேண்டியதில்லை. தீவுப்பகுதிப் பிள்ளை, தந்தை இல்லை. தாயார் பனையோலையிற் கடகமும் பெட்டியும் இழைத்து விற்றுப் படிப்பித்தார். முதலாம் ஆண்டு முடிந்து விடுமுறைக்கு வந்தபொழுது, "அடுத்த வருசத்துக்கு விடுதி கிடைக்குமோ, மாஸ்டர்?" என்று அந்த அம்மா என்னிடம் வந்து கேட்டார். "யோசிக்காதையுங்கோ. அவர்கள் கடிதம் அனுப்புவார்கள்" என்று சொன்னேன். நான் படித்த காலத்திற் கடிதம் வந்தது. அதை வைத்துக்கொண்டு, கேட்ட கேள்விக்கு உறுதியான விடை சொல்லிவிட்டேன்.

கடிதம் வரவில்லை. இரண்டாம் ஆண்டு விடுதிக்கு விண்ணப்பம் கோரும் அறிவித்தல் விடுமுறையின் நடுவிலே பலகையில் ஒட்டப்பட்டது. சிங்களத்தில் மாத்திரமே இருந்தது. அதை யாரோ படம்பிடித்து வகுப்பு மாணவரின் வட்சப் குழுவிலும் இட்டார்கள். பையன் படத்தைப் பார்த்தான். எழுத்தை வாசிக்கத் தெரியவில்லை. நாள்தோறும் வந்து விழும் நூறு படங்களுள் அதுவும் ஒன்று என்று விட்டுவிட்டான். அவனுக்கு விரிவுரை ஆங்கிலத்தில், வீடு தமிழில், படுக்க இடம் தருவது மாத்திரம் சிங்களத்தில். தமிழும் ஆட்சிமொழி என்று அரசியலமைப்பிலே 1987ஆம் ஆண்டு எழுதியாயிற்று. அதைப் பலகையில் ஒட்டுகின்ற கைக்கு யார் சொல்வது?

தவணை தொடங்கியபொழுது தகரப்பெட்டியோடு போய் நின்றவனுக்கு அறை இல்லை. வெளியே வாடகைக்கு அறை எடுப்பதென்றால் தாய் ஒரு மாதத்தில் விற்கும் கடகமெல்லாம் அதற்கே போய்விடும். படிப்பை நிறுத்திவிட்டு வருகிறேன் என்று தாய்க்குத் தொலைபேசியிற் சொல்லியிருக்கிறான். அன்று மாலை அந்த அம்மா என் வாசலில் வந்து நின்றதை நான் மறக்கவில்லை. ஒரு குற்றமும் சொல்லவில்லை. "நீங்கள் கடிதம் வருமெண்டு சொன்னியள்" என்று மாத்திரம் சொன்னார்.

அவனைக் காப்பாற்றியது என் கெட்டித்தனம் அன்று. அவனோடு படித்த சிங்கள மாணவன் ஒருவன் தன் அறையிலே நிலத்திற் பாய் விரிக்க இடம் கொடுத்தான். பின்னர் அவனே கந்தோருக்கு உடன் சென்று, மொழி விளங்காமல் நேர்ந்த தாமதம் என்று எழுதிக் கையொப்பம் வாங்கிக் கொடுத்தான். ஏழு வாரம் கழிந்து ஓர் அறையிலே நான்காவது கட்டில் கிடைத்தது. அந்த ஏழு வாரமும் இரவில் அந்த நண்பன் அவனுக்குச் சிங்கள எழுத்துச் சொல்லிக்கொடுத்தான். பாடப்புத்தகம், அந்தப் பழைய விடுதி அறிவித்தலேதான்.

ஆதலால் பெற்றாருக்கும் மாணவருக்கும் சில சொல்ல வேண்டும். கடிதத்துக்குக் காத்திராதீர்கள். விடுமுறைக்குப் புறப்படுமுன் விடுதி, பதிவு, மகாபொல உதவி ஆகிய மூன்றுக்கும் அடுத்த திகதி என்னவென்று உரிய கந்தோரிற் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகத்தின் இணையத்தளத்தைக் கிழமைக்கு ஒருமுறையாவது பாருங்கள். விளங்காத அறிவித்தலைப் பார்த்தால் வெட்கப்படாமல் ஒருவரிடம் காட்டுங்கள். வெட்கத்துக்கு விடுதி வாடகை யாரும் தருவதில்லை. தமிழில் வராத அறிவித்தலைப் பற்றி, பிள்ளைகள் சேர்ந்து பதிவாளருக்கு மரியாதையான கடிதமொன்று எழுதலாம். அது சண்டை அன்று. சட்டம் தந்த உரிமை.

உயர்தரப் பெறுபேறு வந்து பல்கலைக்கழக அனுமதிக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்கு வேறொரு சொல். மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலை வீட்டிலுள்ளவர்களும் வாசிக்க வேண்டும். பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு நாற்பது வீத இடங்கள் நாடளாவிய திறமையின்படியும் ஐம்பத்தைந்து வீதம் மாவட்டத்தின்படியும் ஐந்து வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகின்றன. விருப்ப ஒழுங்கை நிரப்புவது அவசரத்திலே செய்கிற காரியம் அன்று. அயல்வீட்டுப் பிள்ளை போட்ட ஒழுங்கைப் பார்த்து எழுதியவர்கள் பட்ட பாட்டை எழுதினால் இந்தப் பக்கம் போதாது.

இரண்டு மணி என்று சொன்ன பிரதி இரண்டேகாலுக்குக் கைக்கு வந்தது. மறுநாட் காலை ஊர் வந்து சேர்ந்தேன்.

அந்தப் பையன் இப்பொழுது இறுதியாண்டு. தாயார் ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு வரும்பொழுது எங்கள் வீட்டுக்கும் வருவார். விறாந்தையிலே கடகத்தை இறக்கி வைத்துவிட்டு, "மாஸ்டர், பலகையிலை ஏதும் போட்டிருக்கோ?" என்று கேட்பார். நான் கைத்தொலைபேசியை எடுத்து மகன் படிக்கும் பல்கலைக்கழகத்தின் பக்கத்தைப் பார்ப்பேன். சென்ற ஞாயிறும் வந்தார். பார்த்துவிட்டு, "இந்தக் கிழமை ஒன்றும் இல்லை, அம்மா" என்றேன். அவர் எழும்பவில்லை.

"வடிவாய்ப் பாருங்கோ" என்றார்.

மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தேன்.