பிடிச்ச பி.எப். பணம் எங்கே போச்சு? நோட்டீஸ் வந்த பிறகு வக்கீலைத் தேடி ஓடும் முதலாளிகள்

திருப்பூர், கோவை பக்கம் பனியன் கம்பெனி, பவுண்டரி, லேத் பட்டறை என்று சின்ன அளவில் தொழில் நடத்துகிறவர்களுக்கு மாதத்தில் ஒரு தேதி வந்தால் வயிற்றைக் கலக்கும். அது 15-ந் தேதி. முந்தைய மாத சம்பளத்துக்கான பி.எப்., இ.எஸ்.ஐ. இரண்டையும் அன்றைக்குள் கட்டியாக வேண்டும்.

ஆர்டர் பணம் வரவில்லை. நூல் விலை ஏறிப்போச்சு. பேங்க் தவணை வேறு கழுத்தைப் பிடிக்கிறது. "சரி, அடுத்த மாசம் சேர்த்துக் கட்டிக்கலாம்" என்று முதலாளி ஒரு தடவை தள்ளிப் போடுகிறார். தொழிலாளி சம்பளத்தில் பிடித்த பணம் அதற்குள் நூல் கடைக்கோ, கரண்ட் பில்லுக்கோ போய்விடுகிறது. சிக்கல் ஆரம்பிப்பது அங்கேதான்.

ரெண்டு வட்டி கணக்கு

20 பேர் வேலை செய்யும் ஒரு கம்பெனியை எடுத்துக்கொள்வோம். ஆளுக்கு மாதம் 15 ஆயிரம் ரூபாய் சம்பளம். தொழிலாளியின் பங்கு 12 சதவீதம், அதாவது 1,800 ரூபாய். முதலாளி பங்கும் அதே 1,800. இன்சூரன்சுக்கும் நிர்வாகச் செலவுக்கும் அரை அரை சதவீதம். மொத்தம் பார்த்தால் மாதம் 75 ஆயிரம் ரூபாய் பி.எப்.புக்கு மட்டும் போகும். இ.எஸ்.ஐ.க்கு தொழிலாளி முக்கால் சதவீதம், முதலாளி மூன்றேகால் சதவீதம். அது ஒரு 12 ஆயிரம்.

ஆக 87 ஆயிரம். இதில் 38 ஆயிரத்து 250 ரூபாய் முதலாளி பணமே இல்லை. தொழிலாளி சம்பளத்தில் இருந்து எடுத்தது.

பி.எப்.பை கட்டத் தவறினால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி. அதற்கு மேல் தனியாக அபராதம். இந்த அபராதம் 2024 ஜூனுக்கு முன்பு, தாமதத்தைப் பொறுத்து ஆண்டுக்கு 5 சதவீதத்தில் தொடங்கி 25 சதவீதம் வரை இருந்தது. 2024 ஜூனில் அதை மாதத்துக்கு 1 சதவீதம் என்று குறைத்தார்கள். வட்டியையும் அபராதத்தையும் சேர்த்தால் நூற்றுக்கு ரெண்டு வட்டி. பழைய கணக்கில் ஆறு மாதத்துக்கு மேல் இழுத்தடித்தவர்களுக்கு மூணு வட்டியையும் தாண்டியது. பைனான்ஸ்காரரிடம் போய் நிற்க வெட்கப்பட்டு தொழிலாளி பணத்தில் கை வைக்கிற முதலாளி, கடைசியில் பைனான்ஸ் வட்டியைத்தான் கட்டுகிறார். என்ன, அது ரெண்டு மூணு வருஷம் கழித்து மொத்தமாக வருகிறது!

வருமான வரியிலும் இடி

இது போதாது என்று 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. செக்மேட் சர்வீசஸ் என்ற நிறுவனத்தின் வழக்கு அது. தொழிலாளியிடம் பிடித்த பங்கை பி.எப். சட்டம் சொன்ன தேதிக்குள் கட்டாவிட்டால், பிறகு கட்டினாலும் வருமான வரியில் செலவாகக் காட்ட முடியாது என்று நீதிபதிகள் கூறிவிட்டனர். ரிட்டர்ன் போடுவதற்குள் கட்டினால் போதும் என்று நம்பியிருந்த சிறு நிறுவனங்கள் பல, பழைய வருஷக் கணக்குக்கும் கூடுதல் வரி கட்ட நேர்ந்தது. அந்தத் தீர்ப்புப்படி நாலு நாள் தாமதம்கூட தாமதமாகவே கணக்கிடப்பட்டது.

சம்பளத்தில் பிடிக்கும் வருமான வரிக்கும் இதே கதைதான். பிடித்துவிட்டு கட்டாமல் வைத்தால் மாதம் ஒன்றரை சதவீத வட்டி.

போலீசு வரைக்கும் போகலாம். தொழிலாளி சம்பளத்தில் பி.எப்., இ.எஸ்.ஐ. பிடித்துவிட்டு கட்டாமல் இருப்பது நம்பிக்கை மோசடி என்று பழைய இந்திய தண்டனைச் சட்டத்திலேயே இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 316-வது பிரிவிலும் அது அப்படியே இருக்கிறது. தண்டனை 5 ஆண்டு சிறை வரை.

வக்கீல் என்ன செய்ய முடியும்?

7-ஏ நோட்டீஸ் என்றால் தொழில் வட்டாரத்தில் தெரியாத ஆள் கிடையாது. எவ்வளவு பாக்கி என்று கணக்குப் போட பி.எப். அதிகாரி நடத்தும் விசாரணைக்கான அழைப்பு அது. அபராத உத்தரவு அல்ல. ஆனால் அதை வாங்கி மேஜை டிராயரில் போட்டு வைப்பவர்கள்தான் அதிகம். விசாரணைக்கு ஆளும் போகவில்லை, ரிஜிஸ்டரும் போகவில்லை என்றால் அதிகாரி தன்னிடம் இருக்கும் காகிதத்தை வைத்தே தொகையை முடிவு செய்துவிடுவார். அதன் பிறகு பேங்க் கணக்கை முடக்கலாம். இந்தக் கம்பெனிக்கு பணம் தரவேண்டிய எக்ஸ்போர்ட்காரருக்கே கடிதம் போட்டு அந்தப் பணத்தை பி.எப்.புக்கு கட்டச் சொல்லலாம். ஊருக்குள் மானம் போவது இந்தக் கட்டத்தில்தான்.

வக்கீல் ஆபீசுக்கு முதலாளி வருவதும் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். அப்போது கையில் இருக்கும் வழி அப்பீல். 1952-ம் ஆண்டு பி.எப். சட்டப்படி தீர்ப்பாயத்துக்கு போக 60 நாள் கெடு. அதுவும் உத்தரவில் சொன்ன பாக்கியில் 75 சதவீதத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும் என்பது விதி. தீர்ப்பாயம் மனசு வைத்தால் காரணத்தை எழுதி குறைக்கலாம். புதிய சமூகப் பாதுகாப்பு சட்டத் தொகுப்பில் இதை 25 சதவீதம் என்று எழுதியிருக்கிறார்கள். ஐந்து வருஷத்துக்கு மேற்பட்ட பழைய விவகாரத்தைக் கிளறக் கூடாது என்றும் அதில் உள்ளது. தன் வழக்குக்கு பழைய சட்டமா, புதிய சட்டமா என்பதை உத்தரவின் தேதியைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். இதற்கு வக்கீல் நிச்சயம் வேண்டும்.

வேண்டுமென்று செய்யவில்லை, கையில் பணம் இல்லை என்று அபராதத்தில் இருந்து தப்பலாமா? 2022 பிப்ரவரியில் கர்நாடகத்தின் கூர்க் பகுதி தோட்டக்கலை நிலைய வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தக் கதவையும் சாத்திவிட்டது. கெட்ட எண்ணம் இருந்ததா என்று பார்க்கத் தேவையில்லை, கட்டவில்லை என்பதே போதும் என்று தீர்ப்பு.

அதே வக்கீலிடம் ஆறு மாதம் முன்னால் போயிருந்தால் வேலை வேறு மாதிரி. எந்த அலவன்சை சேர்க்கணும், எதை விடலாம் என்று சம்பளப் பட்டியலைத் திருத்தியிருப்பார். எல்லோருக்கும் ஒரே மாதிரி தரும் அலவன்சுக்கும் பி.எப். உண்டு என்று 2019 பிப்ரவரியிலேயே தீர்ப்பு வந்தாச்சு. பேசிக்கை குறைத்து அலவன்சை ஏற்றிக் காட்டும் வித்தை இனி பலிக்காது. கான்ட்ராக்டர் கொண்டுவந்த ஆட்களுக்கு அவர் பி.எப். கட்டாவிட்டால் அதுவும் கம்பெனி தலையில்தான் விழும். கான்ட்ராக்டரிடம் மாதாமாதம் சலான் காப்பி வாங்கு என்று வக்கீல் சொல்லியிருப்பார். ஆடிட்டர் ஆபீஸ் பையனிடம் பணத்தைக் கொடுத்தேன், அவன் கட்டவில்லை என்பதெல்லாம் விசாரணையில் எடுபடாது.

தானாக முன்வந்தவர்களுக்கு அரசு சலுகையும் தந்தது. விட்டுப்போன தொழிலாளர்களைச் சேர்க்க 2025 நவம்பர் 1 முதல் 2026 ஏப்ரல் 30 வரை என்று ஒரு திட்டம் அறிவித்தார்கள். பிடிக்காமல் விட்ட தொழிலாளி பங்கு தள்ளுபடி, அபராதம் 100 ரூபாய். ஆனால் அதிலும் ஒரு கோடு போட்டார்கள். சம்பளத்தில் பிடித்திருந்தால் அந்தப் பங்குக்கு தள்ளுபடி கிடையாது.

தொழிலாளிக்கு என்ன?

முதலாளியும் அதிகாரியும் வழக்கு நடத்தும் இரண்டு மூன்று வருஷமும் தொழிலாளியின் பாஸ்புக்கில் அந்த மாதங்கள் காலியாகவே கிடக்கும். மகள் கல்யாணத்துக்கு அட்வான்ஸ் கேட்டால் இல்லாத பணத்தை யார் தருவார்கள்? வேலையில் இருக்கும்போதே ஆள் இறந்துவிட்டால் குடும்பத்துக்கு 7 லட்சம் ரூபாய் வரை பி.எப். இன்சூரன்ஸ் உண்டு. கணக்கு சரியாக இல்லாத கம்பெனி என்றால் அதற்கும் மனைவி மக்கள் அலைய வேண்டும்.

யு.ஏ.என். நம்பர் வைத்திருப்பவர்கள் 20-ந் தேதிக்கு மேல் செல்போனிலேயே பாஸ்புக்கை திறந்து, போன மாதப் பணம் ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். ஏறாவிட்டால் சம்பளச் சீட்டைப் பத்திரப்படுத்த வேண்டும். பிடித்தார்கள் என்பதற்கு அந்தச் சீட்டுதான் சாட்சி. கம்பெனியையே இழுத்து மூடினாலும் பி.எப். பாக்கிக்கு சொத்தின் மேல் முதல் உரிமை என்று 1952 சட்டம் சொல்கிறது. மெஷினை ஏலம் விட வரும் பேங்க்காரர்கூட அதற்குப் பின்னால்தான் நிற்க வேண்டும்.