ஆறு மணிக்கு ஒரு பாட்டு!

குடியை நிறுத்திப் பத்து நாள்தான் ஆகிறது. பகல் எப்படியோ வேலையில் ஓடிவிடுகிறது. சாயங்காலம் ஆறு மணி ஆனால் போதும், கை பரபரக்கிறது. காரணமே இல்லாமல் மனைவியிடம் எரிந்து விழத் தோன்றுகிறது. குடியிலிருந்து மீளத் தொடங்கும் பலரின் வீட்டில் நடப்பது இதுதான்.

ஏன் இப்படி? மூளையின் பரபரப்பை மது செயற்கையாக அடக்கிவைக்கிறது. அதற்கே பழகிய மூளை, மது இல்லாமல்போனதும் தறிகெட்டு ஓடுகிறது. தூக்கமின்மை, பதற்றம், எரிச்சல் எல்லாம் அதனால்தான். நாள் போகப்போக இவை குறையும். அதுவரை தாக்குப்பிடிக்க வேண்டுமே! அதற்குக் கைகொடுக்கும் துணைகளில் ஒன்று, இசை.

குடிக்கும் ஆசை அலைபோல எழும்பும். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தணிந்துவிடும். அதாவது, ஆறேழு பாட்டு ஓடும் நேரம். அதைக் கடந்துவிட்டால் அன்றைய கண்டம் தாண்டியது மாதிரி.

ஆனால், எந்தப் பாட்டு என்பதில்தான் சிக்கலே. நண்பர்களோடு குடிக்கும்போது கேட்ட குத்துப்பாட்டு, கிளாஸும் கையுமாகக் கேட்ட சோகப்பாட்டு... இவை காதில் விழுந்தாலே நாக்கு பழைய ருசியைத் தேடும். அந்த லிஸ்ட்டை முதலில் போனிலிருந்து அழித்துவிடுங்கள்.

* மனம் தெளிவாக இருக்கும் காலையிலேயே புது லிஸ்ட் தயார் செய்யுங்கள். ஆட்டோபிளேயை ஆஃப் செய்யுங்கள். இல்லையென்றால் பழைய பாட்டு தானாக வந்து நிற்கும்.

* மெதுவான தாளம் நல்லது. நிமிடத்துக்கு 60 முதல் 80 துடிப்பு இருந்தால், மூச்சும் மெல்ல நிதானத்துக்கு வரும்.

* கூடவே பாடுங்கள், முணுமுணுத்தாலும் போதும். மூச்சு நீளமாக வெளியேறும்போது உடம்பு தளரும்.

* ஹெட்போனோடு அறைக்குள் அடைந்துகொள்ள வேண்டாம். தனிமையும் குடிக்கத் தூண்டும். ஹாலில், நாலு பேர் நடுவில் கேளுங்கள். வீட்டில் இருப்பவர்களும் அந்த அரை மணி நேரம் சீரியலைத் தியாகம் செய்யலாம்!

ஒன்றை மறக்க வேண்டாம். இசை துணைதான், சிகிச்சை அல்ல. தினமும் அதிகமாகக் குடித்தவர்கள், டாக்டரின் ஆலோசனை இல்லாமல் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். கடுமையான நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் தெரிந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். போதை மீட்பு உதவிக்கு 14446, மனநல ஆலோசனைக்கு 14416 எண்களை அழைக்கலாம்.

அந்த எண்களையும் பாட்டு லிஸ்ட்டோடு சேர்த்து இன்றே போனில் சேமித்துவையுங்கள். ஆறு மணிக்குத் தேட வேண்டியிருக்காது.